தலைமையாசிரியரின் பொங்கல் கட்டுரை

"எங்களுக்கு நிலம் உண்டு." எட்டாம் வகுப்பின் நாற்பத்திரண்டு கட்டுரை நோட்டுகளிலும் பொங்கல் கட்டுரையின் மூன்றாவது வரி இதுதான். தஞ்சாவூரில் அந்த நகராட்சி நடுநிலைப் பள்ளிக்கு நான் மாற்றலாகி வந்த வருடம், கோடை விடுமுறைக்கு முந்தின வாரம், பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்காகக் கட்டி வைத்திருந்த நோட்டுகளைப் பொருளறையில் உட்கார்ந்து சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். முதல் நோட்டு கைவண்டி இழுப்பவரின் மகனுடையது. அடுத்தது பூக்கட்டி விற்கும் அம்மாளின் மகளுடையது. அதற்கடுத்தது சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுபவரின் மகனுடையது. குடியிருக்க ஒரு குழி இடம்கூடச் சொந்தமில்லாத வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும், ஓர் எழுத்துப் பிசகாமல், தங்கள் வயலில் விளைந்த புது நெல்லைப் பற்றியும் தங்கள் குத்தகைக்காரரைத் தாங்கள் எவ்வளவு அன்பாக நடத்துகிறோம் என்பதைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கு அடியிலும் பச்சை மையில் தலைமையாசிரியரின் கையெழுத்து, தேதியோடு. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கட்டைக் கடைக்குப் போடாமல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நினைவுக் குறிப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு நல்லது செய்தவர்களைத்தான் நினைத்துப் பார்க்கிறார்கள். எனக்கும் அப்படி நாலைந்து பேர் உண்டு. ஆனால் தினமும் நினைவுக்கு வருகிறவர் அந்தத் தலைமையாசிரியர்தான். அவர் இறந்து பல வருடமாகிறது. போனவர்களைப் பற்றிக் குறையாகப் பேசக் கூடாது என்று என் வீட்டிலேயே சொல்கிறார்கள். அவர் இருந்தபோது எங்களைப் பேச விடவில்லை. போன பிறகும் பேசக் கூடாதென்றால் நான் எப்போதுதான் பேசுவது?

ஆட்சி மாறி அப்போது ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு அவர் கதர் ஜிப்பா போட்டுக்கொண்டிருந்தார் என்று பழைய ஆசிரியர்கள் சொல்வார்கள். நான் பார்த்தபோது கரை வேட்டி, தோளில் அதே கரையில் துண்டு. மேடை கிடைத்தால் விட மாட்டார். பள்ளியில் கொடியேற்றினாலும் சரி, வார்டில் தண்ணீர்க் குழாய் திறந்தாலும் சரி, முக்கால் மணி நேரம் அடுக்குமொழியில் பொழிவார். உழவர், உழைப்பு, உரிமை, உயர்வு என்று ஒரே எழுத்தில் கோத்துக்கொண்டே போவார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து யோசித்தால் என்ன சொன்னார் என்று ஞாபகம் வராது. கீழ்வேளூருக்குத் தெற்கே பூர்விக நிலம் ஒன்றரை வேலி, பத்து ஏக்கர் அளவுக்கு, இருந்தது. எழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும். அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எட்டாம் வகுப்புக்குக் கட்டுரைப் பாடம் அவருடையது. பாடம் என்றால், கரும்பலகையின் இடது மேல் மூலையில் தொடங்கி வலது கீழ் மூலை வரைக்கும் கட்டுரையை அவரே எழுதுவார். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். ஒரு சொல் மாறினால் கன்னத்தில் விழும். வருடத்துக்குப் பத்துக் கட்டுரை, வருடா வருடம் அதே பத்து. தை பிறந்தால் பொங்கல் கட்டுரை. அதில் ஒரு பத்தி முழுக்கத் தம்மைப் பற்றித்தான் எழுதியிருந்தார். ஊரின் பெயர், வாய்க்காலின் தென்கரையில் இருக்கும் ஆறு மா (இரண்டு ஏக்கர்) வயல், அதைப் பதினெட்டு ஆண்டுகளாக உழுது பயிரிட்டு வரும் குத்தகைக்காரரின் பெயர், பொங்கலன்று அவருக்கு வேட்டியும் துண்டும் கொடுத்துக் குடும்பத்தில் ஒருவராக உட்காரவைத்துச் சாப்பாடு போடுவது, எல்லாம் அதில் இருக்கும். ஆண்டு விழாவில் நல்ல கையெழுத்துள்ள ஒரு பிள்ளையை விட்டு அதைப் படிக்கச் சொல்வார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள் கைதட்டுவார்கள்.

அந்தக் கட்டை நான் எடுத்து வைத்ததற்குக் காரணம் எங்கள் சனிக்கிழமைக் கூட்டம். அதைத் தொடங்கியவர் வேறொரு நகராட்சிப் பள்ளியில் இருந்த கணக்கு சார். அவருடைய பிள்ளைகளுக்குக் கணக்குப் போடத் தெரிந்தது. எப்படிப் போட்டாய் என்று நாலு வரி எழுதச் சொன்னால் பேந்தப் பேந்த விழித்தார்கள். ஒரு தேர்வு மையத்தில் சந்தித்தபோது, தமிழ்ப் பாடத்தில் என்னதான் எழுதக் கற்றுக்கொடுக்கிறீர்கள் என்று என்னிடமே கேட்டுவிட்டார். முதலில் எனக்குக் கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது. நானும் பலகையில் எழுதிப்போட்டுப் பார்த்து எழுதச் சொல்கிறவளாகத்தான் இருந்தேன். சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்ததும் அவருடைய பள்ளியின் கடைசி அறையில் உட்காருவது என்று வைத்துக்கொண்டோம். ஊரின் மற்ற பள்ளிகளிலிருந்து ஓரிருவர் வந்து போவார்கள். கடைசிவரை நிலைத்தது மூன்று பேர்: கணக்கு சார், நான், என் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த சின்ன டீச்சர்.

எங்கள் முறை இதுதான். என் வகுப்பு நோட்டுகளைச் சின்ன டீச்சர் எடுத்துப் போவாள், அவள் வகுப்பு நோட்டுகள் கணக்கு சாரிடம், அவருடையவை என்னிடம். படிப்பவர் பிழை திருத்தக் கூடாது. சிவப்பு மையைத் தொடவே கூடாது. அந்தப் பிள்ளையின் முகமே தெரியாத ஒருவருக்கு அதைப் படித்ததும் மெய்யாகவே என்ன தெரிந்துகொள்ளத் தோன்றியதோ, அந்த ஒரு கேள்வியை மட்டும் பென்சிலால் கீழே எழுத வேண்டும். "ஆட்டுக்குட்டி திரும்பி வந்ததா?" "மாமா ஏன் பேசாமல் போனார்?" திங்கட்கிழமை நோட்டு திரும்பி வந்ததும் பிள்ளை அதற்குப் பதில் எழுதும். யாரோ முன்பின் தெரியாதவர் தன் ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கேட்கிறார் என்றதும் அந்தப் பிள்ளைகள் எழுதிய வேகத்தை நான் அதற்கு முன் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை.

சின்ன டீச்சர் என்னைவிடப் பத்து வயது இளையவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். என் வகுப்பு நோட்டுகளை முதல் தடவை படித்துவிட்டு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். அத்தன நோட்டும் படிச்சேன். கேக்கறதுக்கு ஒரு கேள்விகூட வரல. எல்லாம் நீங்களே எழுதுன மாதிரி இருக்கு." இரண்டு நாள் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் என் ஓய்வுப் பாடவேளையில் அவளுடைய ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு வந்த வழியில் கண்ணில் பட்டதை மட்டும் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நெனச்சத எழுத வேணாம். பாத்தத எழுது." பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இலக்கணம் மட்டும் தடுமாறும். மறுநாள் நடத்த வேண்டியதை முதல் நாள் மாலை என்னிடம் நடத்திக் காட்டிவிட்டுப் போவாள். நான் குறுக்கே குறுக்கே அசட்டுப் பிள்ளை மாதிரி கேள்வி கேட்பேன். ஒரு வருடத்தில் இரண்டு பேருமே தேறினோம்.

அவள் கீழ்வேளூர்ப் பக்கத்துப் பெண். அவர்கள் தெருவிலிருந்து ஆசிரியப் பயிற்சி முடித்த முதல் ஆள். வேலைவாய்ப்பு அலுவலகம் மூலமாக வந்தவள். இரண்டு வருடம் தகுதிகாண் பருவம் முடித்துத் தலைமையாசிரியர் நல்ல அறிக்கை எழுதினால்தான் வேலை நிரந்தரமாகும். அவளுடைய அப்பாதான் அந்தக் கட்டுரையில் வரும் குத்தகைக்காரர். தலைமையாசிரியருக்கு அதில் ஆரம்பத்தில் ஏகப்பட்ட பெருமை. பள்ளிக்கு யார் வந்தாலும் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, எங்க குத்தகைக்காரர் பொண்ணு, இன்னிக்கு டீச்சர் என்று காட்டுவார். மற்ற டீச்சர்களை நீங்க என்று சொல்பவர் அவளை மட்டும் நீ என்பார். நான் பத்திரப்படுத்திய நோட்டுக் கட்டை ஒரு சனிக்கிழமை அவளிடம் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "தஞ்சாவூர்ல இத்தன பேருக்கா எங்கப்பா குத்தகைக்காரர்?" பிறகு, வேட்டி துண்டு கொடுத்தது எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தடவைதான் டீச்சர், சாப்பாடு கொல்லைப்பக்கம் வைத்துத்தான் போட்டார்கள் என்றாள். எப்படி எழுத வைக்கக் கூடாது என்று புதிதாக வருகிற ஆசிரியர்களுக்குக் காட்டுவதற்கு அந்தக் கட்டு எங்களுக்கு உதவியது. அடுத்த இரண்டு வருடத்துக் கட்டுகளையும் அதற்காகவே சேர்த்து வைத்தேன்.

எங்கள் கூட்டம் அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கதை அளக்கிற மடம் என்பார். அந்த அளவில் விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை என் மேசை மேலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் போயிருக்கிறார். என் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் நோட்டு. அம்மாவுக்கு இருப்பது ஒரே புடவை என்பதையும், அது காய்கிற வரைக்கும் அம்மா சாக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பதையும், அப்போது யாராவது கூப்பிட்டால் தான்தான் வாசலுக்குப் போய் அம்மா இல்லை என்று சொல்ல வேண்டும் என்பதையும் அவள் எழுதியிருந்தாள். திங்கட்கிழமைக் காலை வழிபாட்டில், மொத்தப் பள்ளியும் வரிசையில் நிற்க, அதை அவர் மேடைக் குரலில் ஏற்றி இறக்கிப் படித்தார். படித்து முடித்துவிட்டு, இதுதான் சனிக்கிழமை மாநாட்டின் சாதனை என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள், தலைமையாசிரியர் சிரிக்கும்போது அவர்கள் என்ன செய்வார்கள். அந்தப் பெண் மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. புது ஆறு என்கிற கால்வாயின் கரையில் இருந்த அவர்கள் குடிசைக்கு மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை அவளை அரிசி ஆலையில் சேர்த்துவிட்டிருந்தார்கள். அவளுடைய அம்மா அந்த ஒரே புடவையோடு வாசலில் வந்து நின்று, கோபமே இல்லாமல் சொன்னாள். "எழுதுனதாலதான டீச்சர் சிரிச்சாங்க. எழுதாம இருந்துருந்தா படிச்சிட்டு இருந்துருக்கும்." எழுதச் சொன்னவள் நான். திரும்பி வரும்போது ஆற்றங்கரையிலேயே முடிவு செய்தேன், இந்த மனிதனை ஒரு நாள் நாலு பேர் நடுவில் நிறுத்தி அவர் எழுதியதை அவருக்கே படித்துக் காட்ட வேண்டும் என்று. அதை எப்படிச் செய்வது என்று அப்போது எனக்குத் தெரியாது. நெஞ்சில் கரித்துண்டு வைத்தது போல அது மட்டும் இருந்தது.

குத்தகைக்காரர்களின் பெயரை அரசாங்கத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்த காலம் அது. பதிந்துவிட்டால் நிலத்தைவிட்டு எளிதில் இறக்க முடியாது. தஞ்சாவூர் ஜில்லா முழுக்க வாய்வார்த்தைக் குத்தகைதான். நெல் அளந்ததற்கு ரசீது கிடையாது, ஊர்க் கர்ணத்தின் நிலக் கணக்கில் நிலக்காரரே சாகுபடி செய்வதாகத்தான் எழுதியிருக்கும். அதனால் சட்டம் வந்ததும் நிலக்காரர்கள் எல்லாம் ஒரே குரலில் குத்தகைக்காரரா, அப்படி யாருமே இல்லையே என்றார்கள். சின்ன டீச்சரின் அப்பா அடுத்த வருடம் கார்த்திகையில் விவசாயிகள் சங்கத்துக்காரர்களின் துணையோடு மனுப் போட்டார். மேடைக்கு மேடை உழவர் உரிமை பேசிய எங்கள் தலைமையாசிரியர், அவர் கூலிக்கு ஏர் ஓட்டியவர், அவ்வளவுதான் என்று எழுதிக் கொடுத்தார்.

பிறகு ஒருநாள் சின்ன டீச்சரைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். "உங்கப்பாவ மனுவ வாபஸ் வாங்கச் சொல்லு. சித்திரையில உன் அறிக்கை எழுதணும். நல்லபடியா எழுதுறேன்." மிரட்டுகிற குரல் இல்லை. பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிற குரல். அவள் வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தினாள்.

விஷயம் தெரிந்து அவளுடைய அப்பாவே பஸ் ஏறி வந்துவிட்டார். மடித்த வேட்டியை இறக்கிவிட்டுப் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, வாபஸ் வாங்கிவிடுகிறேன், நீ டீச்சராக இரு, எனக்கு ஏர் ஓட்ட வேறு வயல் கிடைக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் ஒப்பவில்லை. அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள். "இருவது வருசமா உழுத வயல உழுவலன்னு எங்கப்பாவ எழுதிக்குடுக்க வச்சிட்டு, பாத்தத எழுதுன்னு நான் எப்படி டீச்சர் பிள்ளைங்ககிட்ட சொல்றது?" வேலை போய்விடுமே என்றேன். போகக் கூடாது டீச்சர், இதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வராது என்றாள். அழவில்லை. ஆனால் கையிலிருந்த சாக்பீஸ் பொடிப்பொடியாகிக் கீழே விழுந்துகொண்டிருந்தது.

தை பிறந்தது. எட்டாம் வகுப்பைத் தாண்டிப் போகும்போது பலகையைப் பார்த்தேன். பொங்கல் கட்டுரை. அதே தொடக்கம், அதே முடிவு. நடுவில் குத்தகைக்காரர் பத்தி மட்டும் இல்லை. அப்படியே நின்றுவிட்டேன். மூன்று வருடமாக நாங்கள் வேடிக்கைப் பொருளாக வைத்திருந்தது என்ன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சனிக்கிழமை மூன்று கட்டுகளையும் தூக்கிக்கொண்டு போய்க் கணக்கு சாரின் மேசையில் போட்டேன். அவர் கணக்குக்காரர் இல்லையா, ஒரு மணி நேரம் வரிக்கு வரி ஒப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். மூன்று வருடத்திலும் மாறியிருந்தது ஒரே ஒரு சொல். முதல் வருடம் பதினெட்டு ஆண்டுகளாக உழுது வருகிறார். அடுத்த வருடம் பத்தொன்பது. அதற்கடுத்த வருடம் இருபது. மற்றதையெல்லாம் அப்படியே எழுதிய மனிதர் அதை மட்டும் ஒழுங்காகத் திருத்தியிருந்தார். அடியில் பச்சை மையில் கையெழுத்து, தேதி.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. விசாரணை பங்குனியில். சின்ன டீச்சரின் தகுதிகாண் பருவம் முடிவது சித்திரைக் கடைசியில். கணக்கு சார் நிதானமான மனிதர். ஒரு வாய்தா வாங்கி விசாரணையை வைகாசிக்குத் தள்ளலாம், அதுவரை மனு வாபஸாகலாம் என்று தலைமையாசிரியர் நம்பிக்கொண்டிருக்கட்டும், அறிக்கையில் கையெழுத்து விழுந்த பிறகு நோட்டுகளைக் கொடுப்போம் என்றார். சின்ன டீச்சரும் அதைத்தான் விரும்பினாள். அவள் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் அவள் என் முகத்தைப் பார்த்த விதத்தில் எனக்குத் தெரிந்தது. நான் கூடாது என்றேன். அதற்குள் அவர் ஆள் வைத்து வயலில் இறங்கிவிடுவார் என்றேன். எப்படியும் அறிக்கையைக் கெடுத்துத்தான் எழுதுவார், அந்த ஆளின் வாக்கை நம்புவதா என்றேன். சொன்னதெல்லாம் நடக்கக் கூடியதுதான். ஆனால் நான் கூடாது என்றது அதற்காக இல்லை. ஆற்றங்கரைக் குடிசை வாசலில் நின்றதிலிருந்து ஒன்றரை வருடம் காத்திருந்தேன், இன்னும் இரண்டு மாதம் என்னால் முடியாது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். என் வேலை நிரந்தரம். எனக்கு என்ன போகும்? மூத்தவள் சொல்கிறேன் என்று அவள் தலையாட்டினாள்.

தாலுகா அலுவலகத்தில் அன்று நல்ல கூட்டம். பதிவு அதிகாரி நடுவயதுக்காரர், ஒரே மாதிரி வழக்குகளைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர். சங்கத்துக்காரர் மூன்று கட்டுகளையும் மேசைமேல் வைத்ததும், என்னய்யா இது, பள்ளிக்கூடத்தையே கொண்டுவந்து விட்டாய் என்றார். நோட்டுகள் என் கைக்கு எப்படி வந்தன என்று நான் எழுந்து சொன்னேன். அதிகாரி ஒன்றை எடுத்துப் படித்தார். பிறகு வேறு கட்டிலிருந்து ஒன்று. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு பத்தியைச் சத்தமாகப் படித்தார். ஊர், வாய்க்கால், தென்கரை, ஆறு மா, குத்தகைக்காரர் பெயர். வராந்தாவில் நின்றிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சின்ன டீச்சரின் அப்பா தம் பெயரைக் கேட்டதும் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து முன்னால் வந்து நின்றார்.

கையெழுத்து உங்களுடையதுதானா என்று அதிகாரி கேட்டார். ஆம் என்றார் தலைமையாசிரியர். வேறு எப்படிச் சொல்ல முடியும், நூற்றுக்கு மேற்பட்ட நோட்டுகள். கட்டுரை என்பது கற்பனை, மாணவர்களின் மொழிவளத்துக்காகச் சொல்வது என்று அடுக்குமொழியைத் தொடங்கினார்.

"ஊரும் வாய்க்காலும் ஆள் பேரும் மொழிவளமா சார்?" என்றார் அதிகாரி. "சரி, கற்பனைன்னே வச்சுக்குவோம். வருசத்துக்கு ஒன்னு கூட்டிக்கிட்டே வந்துருக்கீங்களே, பதினெட்டு, பத்தொம்போது, இருவது. அது எதுக்கு?"

தலைமையாசிரியரின் வாய் திறந்தது, மூடியது. நான் அவருக்கு நேரெதிரே வேண்டுமென்றே நகர்ந்து போய் நின்றேன். முகம் வெளுத்து, மேலுதட்டில் வேர்வை அரும்பி, நாற்பது வருட மேடைப் பேச்சில் ஒரு சொல்கூட உதவிக்கு வராமல் அவர் நின்ற அந்த நிமிடம் முழுவதையும் நான் கண் கொட்டாமல் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் நின்ற அந்தப் பெண்ணுக்காகவும் சேர்த்துப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. ஆறு மா நிலத்துக்கும் குத்தகைதாரர் என்று சின்ன டீச்சரின் அப்பா பெயர் பதிவாயிற்று.

வெளியே வந்ததும் தலைமையாசிரியர் நேராகச் சின்ன டீச்சரிடம் போனார். குரலை உயர்த்தவில்லை. "உன் அறிக்கைய நாளைக்கே எழுதிடுறேன்." அவள் ஒரு அடி பின்வாங்கினாள். பிறகு நின்றுகொண்டு சொன்னாள். "எழுதுங்க சார். பாத்தத எழுதுங்க." கணக்கு சார் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

கற்பிக்கும் தகுதி இல்லை, மாணவர்களிடம் ஒழுங்கு இல்லை என்று எழுதி அனுப்பினார். சித்திரை முடிவதற்குள் அவளை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு வந்துவிட்டது. நாங்கள் நகராட்சி அலுவலகத்துக்கும் கல்வி அதிகாரிக்கும் நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது. சங்கமும் நிலத்துக்குத்தான் வந்ததே தவிர டீச்சர் வேலைக்கு வரவில்லை. கடைசி நாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு பையோடு கீழ்வேளூர் பஸ்ஸில் ஏறினாள்.

தலைமையாசிரியருக்கு அதன் பிறகு பலகையைக் கண்டாலே பயம் வந்துவிட்டது. அது மட்டும் எனக்குக் கிடைத்த கூடுதல் லாபம். எட்டாம் வகுப்பில் சாக்பீஸைக் கையில் எடுக்கவே மாட்டார். நீங்களே ஏதாவது எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிப்பார், எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். நோட்டுகள் எல்லாம் என்னிடம் வந்தன. பிள்ளைகள் முதல் இரண்டு மாதம் திணறினார்கள், அப்புறம் எழுதத் தொடங்கினார்கள். நல்ல எழுத்து. நாங்கள் வருடக்கணக்காகக் கெஞ்சியும் நடக்காதது அந்த மனிதரின் பயத்தால் நடந்தது. சின்ன டீச்சர் கொஞ்ச நாள் சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்தாள். அவளுக்கென்று வகுப்பு இல்லை, எங்களோடு மாற்றிக்கொள்ள நோட்டு இல்லை. எங்கள் பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் கேள்வி எழுதுவாள். பிறகு நடவு, அறுப்பு என்று வருவது குறைந்தது. ஒருநாள் நின்றுபோயிற்று.

இருபது வருடம் கழித்துத் தலைமையாசிரியர் இறந்தார். ஒரு கடிதம் போட்டிருக்கலாம். நான் போடவில்லை. காலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, அவள் ஊருக்கே போனேன். அந்தச் செய்தியைக் கேட்கும்போது அவள் முகம் எப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. அப்பா போன பிறகு அந்த ஆறு மாவையும் அவள்தான் சாகுபடி செய்கிறாள் என்று தெரியும். ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருகிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் வரப்பில் ஏறி வந்து, வாய்க்காலில் கை கழுவிக்கொண்டு, சாப்பிட்டீங்களா டீச்சர் என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். எப்போது என்று கேட்டாள். முந்தாநாள் என்றேன். சரி என்றாள். முகம் எப்படியும் ஆகவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குத் தாலுகா அலுவலகத்தில் அந்த ஆளின் முகம் போன போக்கை விவரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். வேர்வையை, வாய் திறந்து மூடியதை. நான் முடித்த பிறகு அவள் வயலைப் பார்த்துக்கொண்டு, கோபமில்லாமல், யாரோ பிள்ளையின் நோட்டைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

"உங்களுக்கு அவரு மூஞ்சியப் பாக்கணும் டீச்சர். எனக்கு டீச்சரா இருக்கணும். ரெண்டு மாசம் பொறுத்திருந்தா ரெண்டும் நடந்துருக்கும்."

எப்படியும் அவர் கெடுத்துத்தான் எழுதியிருப்பார் என்ற பதிலை நான் இருபது வருடமாகத் தயாராக வைத்திருந்தேன். அது வாய்க்கு வரவில்லை. நாற்று கேட்டு நடவுப் பெண்கள் கூப்பிட்டார்கள், அவள் புடவையைச் செருகிக்கொண்டு வயலில் இறங்கிவிட்டாள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை போனேன், கேட்டிருக்கலாம். கேட்டால் அது மெய்யாக இருக்க வேண்டும். அன்றைக்கு அவர் முகம் வெளுத்து நின்ற அந்த ஒரு நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்தால் அவளுக்கு அவளுடைய வகுப்பு திரும்பக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், கொடுத்துவிடுவேன் என்று என்னால் இன்றுகூடச் சொல்ல முடியவில்லை.